புரட்டாசிச் சனிக்கிழமையும் கடலைக்கறியும்

ஏலக்காய்க்குப் பேர்போன ஊரில் ஏலக்காய் டீ கிடைக்காது என்பதை எங்கள் கல்லூரிக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்கள் நம்புவதே இல்லை. போடியில் இறங்கியதும் மூக்கில் ஏறுகிற வாசனையை வைத்து, இங்கே குழாயைத் திறந்தால்கூட ஏலக்காய்த் தண்ணீர்தான் வரும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். தேர்வு மேற்பார்வைக்கு வந்த பேராசிரியர் ஒருவர் வாசல் டீக்கடைக்குப் போய், "நல்லா ஏலக்காய் தட்டிப் போட்டு ஒரு டீ" என்றார். டீ மாஸ்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ஏலக்காயெல்லாம் ஏத்துமதிக்கு சார். டீக்கு இஞ்சிதான்" என்றார். பேராசிரியர் என்னைப் பார்த்தார். நான் மலையைப் பார்த்தேன்.

இந்தக் கல்லூரியில் நான் பாடம் எடுக்க வந்து சில வருடங்கள் ஆகின்றன. சொந்த ஊர் பக்கத்தில் சிலமலை. அப்பாவும் அம்மாவும் இப்போது அண்ணனோடு கோயம்புத்தூரில் இருக்கிறார்கள். நான் போடியில் ஒரு மாடி வீட்டில் தனியாக இருக்கிறேன். எனக்குச் சமைக்கத் தெரியும், பிடிக்காது. இரண்டும் வேறு வேறு என்று சொந்தக்காரர்களிடம் விளக்கி விளக்கி வாய் வலித்ததுதான் மிச்சம். ஆகவே கல்லூரி வாசலில் இருக்கும் கடைகளை நம்பித்தான் என் உடம்பு வளர்கிறது. அவற்றைக் குறை சொல்ல என்னைவிட உரிமை உள்ளவர் இந்த வட்டாரத்தில் இல்லை.

டீக்கடைக்கு அடுத்தது பேக்கரி. பெயர்தான் பேக்கரி, பிழைப்பு நடப்பது ஜெராக்ஸில். பரீட்சை சமயத்தில் தேங்காய் பன்னைக் கேட்டால், "கொஞ்சம் இருங்க மேடம், அஞ்சாவது யூனிட் ஓடிக்கிட்டிருக்கு" என்பார்கள். அதற்கும் அடுத்தது பரோட்டாக் கடை. அந்தச் சால்னா திங்கட்கிழமை பிறந்து வெள்ளிக்கிழமைதான் பக்குவத்துக்கு வருகிறது என்பது என் மாணவர்கள் சொந்தமாகச் செய்த ஒரே ஆராய்ச்சி. சாயங்காலம் ஆனால் பருத்திப்பால் வண்டி வரும். அதைப் பற்றி மட்டும் நான் எதுவும் சொல்ல மாட்டேன். அது நன்றாக இருக்கும்.

இவற்றுக்கு எதிர்ச்சாரியில் என் பெரியப்பாவின் கட்டடம். சிலமலையில் தோட்டமும் துரவுமாக இருக்கிற மனிதர். கல்லூரி வந்தால் வங்கி வரும், வங்கி வந்தால் வாடகைக்கு இடம் கேட்கும் என்று யோசித்து, வாசலுக்கு நேர் எதிரே முன்பக்கம் ஓர் அறையும் பின்பக்கம் ஓர் அறையுமாகக் கட்டிப் போட்டார். வங்கி வேறு பக்கம் போய்விட்டது. வந்தது ஒரு செருப்புக்கடை. அதுவும் மழைக்காலத்தோடு கிளம்பிப் போனது. கட்டடம் பூட்டிக் கிடந்த சமயத்தில்தான், பிற்பாடு கல்லூரியே அக்கா என்று கூப்பிட்ட ஒருத்தி மலையிலிருந்து இறங்கி வந்தாள்.

போடிமெட்டைத் தாண்டிக் கேரளப் பக்கத்தில் உள்ள ஓர் ஏலத்தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் அவள். தாத்தா காலத்தில் இந்தப் பக்கத்திலிருந்து காய் எடுக்கப் போன தமிழ்க் குடும்பம். அவள் வீட்டுக்காரருக்கும் அங்கேயேதான் வேலை. அவருக்கு முழங்கால் தேய்ந்து, சரிவில் நிற்க முடியாமல் போனது. லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடுகள் அங்கே வேலை செய்கிறவர்களுக்குத்தான். ஆகவே லயத்து வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சட்டி பானையை ஒரு ஜீப்பில் ஏற்றிக்கொண்டு இருவரும் கீழே வந்துவிட்டார்கள். கல்லூரிக்கு எதிரே மெஸ் போட இடம் தேடியவளைப் பெரியப்பாவிடம் கூட்டிப்போனது நான்தான். எதிரே ஒரு மெஸ் வந்தால் யாருக்கு லாபம் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பெரியப்பா ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். "மத்த மாசம் என்னத்தையும் ஆக்கிக்க. புரட்டாசி மாசம் மட்டும் நம்ம கட்டடத்துல கவிச்சி ஆகாது."

"அதுக்கென்ன பெரியவரே, நாங்களும் தொடறதில்ல" என்றாள் அக்கா.

முன் அறையில் மெஸ், பின் அறையில் குடித்தனம். ஆவணியில் கடை திறந்தாள். சாப்பாடு நன்றாக இருந்தது. அதைவிட அவள் பேச்சு நன்றாக இருந்தது. பந்தியில் உட்கார்ந்தவனிடம் முதல் நாளே, "வெள்ளம் வேணுமா?" என்று கேட்டாள். மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். அந்தப் பையன் கம்பத்துக்காரன். வெள்ளம் என்றால் அவனுக்கு முல்லையாற்றில் வருவது. காலைத் தூக்கி பெஞ்சின்மேல் வைத்துக்கொண்டான். சோறு வைக்கும்போது, "மதியா?" என்பாள். போதுமா என்று அர்த்தம். "மதிக்கிறோம்க்கா, நல்லா மதிக்கிறோம்" என்று பயல்கள் ஒரே குரலில் சொல்வார்கள். அவளும் சிரிப்பாள். சில வாரங்களிலேயே அந்த மெஸ்ஸுக்கு வெள்ளக்கடை என்று பெயர் விழுந்துவிட்டது. பெயிண்ட் செலவில்லாத பெயர்.

பிறகு புரட்டாசி வந்தது.

எங்கள் பக்கத்தில் புரட்டாசி என்றால் பாதி ஊர் பெருமாளுக்கு நேர்ந்துகொண்டு கறி மீனை விட்டுவிடும். கறிக்கடைக்காரர் ஈ ஓட்டுவார். பரோட்டாக் கடைச் சால்னா குருமா என்று பெயர் மாற்றிக்கொள்ளும். என் துறையில் ஒருவர் இருக்கிறார். மற்ற மாதங்களில் பிரியாணிப் பொட்டலத்தின் சூட்டை வைத்தே அது எந்தக் கடை என்று சொல்லக்கூடியவர். புரட்டாசி பிறந்துவிட்டால், பக்கத்து மேசையில் யாராவது முட்டை என்று பேச்செடுத்தாலே காதைப் பொத்திக்கொள்வார். இப்படிப்பட்ட பக்தர்கள் நிறைந்த வாசலில், சைவச் சாப்பாட்டுக்கு இந்த மாதம் நல்ல கிராக்கி இருக்கும் என்று அக்கா கணக்குப் போட்டாள். அந்தக் கணக்கு சரிதான்.

முதல் சனிக்கிழமை. எங்களுக்கு அன்றும் கல்லூரி உண்டு. அக்கா அதிகாலையிலேயே எழுந்து, குளித்து, பெரிய அண்டாவில் சமைத்து வைத்திருந்தாள். கடை முன்னால் முதன்முறையாக ஒரு தகரப் பலகை தொங்கியது. அவள் வீட்டுக்காரர் சிவப்புப் பெயிண்டால் தன் கையாலேயே எழுதியது:

இன்று புரட்டாசி ஸ்பெஷல்
கடலைக்கறி, தக்காளிக்கறி, சோறு

கறி என்றால் எங்களுக்கு ஆடு. வேறு பேச்சே இல்லை. "இன்னைக்கு வீட்ல கறி" என்று ஒருவன் சொன்னால், என்ன கறி என்று மதுரையிலிருந்து போடி வரைக்கும் யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் மலைக்கு அந்தப் பக்கம் சோற்றில் ஊற்றுகிற எல்லாமே கறிதான். கடலையைப் போட்டுக் கொதிக்க வைத்தால் கடலைக்கறி, தக்காளியைப் போட்டால் தக்காளிக்கறி. ஆட்டைச் சொல்ல வேண்டுமானால் இறைச்சி என்பார்கள். பிறந்தது முதல் அப்படியே பேசி வளர்ந்தவளுக்கு அதில் என்ன தப்பு தெரியும்?

என் துறைப் பக்தருக்கு அர்த்தம் தெரியும். அந்தக் கடலையை அவர் ஏற்கனவே இரண்டு தட்டு சாப்பிட்டிருக்கிறார். இருந்தாலும் கை சும்மா இருக்கவில்லை. பலகையைப் படம் எடுத்து, "ஆடும் புல்லுதானே தின்னுது, புரட்டாசிக்கு ஆகும்" என்று எழுதி, எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். எல்லோரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். பிறகு அந்தப் படம் தன் போக்கில் கிளம்பிவிட்டது. ஊருக்குள் போன படத்தோடு அவர் எழுதிய வேடிக்கை போகவில்லை. மத்தியானத்துக்குள், புரட்டாசிச் சனிக்கிழமையும் அதுவுமாக மலையாளத்துக்காரி ஒருத்தி பெருமாள் பெயரைச் சொல்லிக் கறி விற்கிறாள் என்று ஆகிவிட்டது. விடுதிப் பயல்களுக்கு வீட்டிலிருந்து போன் வந்தது. அந்தக் கடைப்பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று அம்மாக்கள் உத்தரவு போட்டிருந்தார்கள்.

நான் போனபோது அண்டா நிறையச் சோறு இருந்தது. பெஞ்சில் ஒருவரும் இல்லை.

"எல்லாரும் விரதம் போல டீச்சரே. உச்சைக்கு ஒராளும் வரல" என்றாள் அக்கா. உச்சை என்றால் அவளுக்கு மத்தியானம். முகத்தில் கவலை இல்லை. விரதத்தை மதிக்கிறவர்கள் நிறைய இருக்கிற ஊருக்கு வந்திருக்கிறோம் என்ற திருப்திதான் இருந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கறியின் கதையைச் சொன்னேன். அவள் முதலில் சிரித்தாள். பிறகு அண்டாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"குழம்புன்னு போட்டுருங்க அக்கா, சரியாப் போயிரும்" என்று சொல்லிவிட்டு நான் வகுப்புக்கு ஓடினேன்.

அடுத்த சனிக்கிழமை வாசலில் பஸ்ஸை விட்டு இறங்கியவள் அப்படியே நின்றுவிட்டேன். பெயிண்டில் எழுதியதை அழிக்க முடியாதல்லவா? அவள் வீட்டுக்காரர், இருந்த இடைவெளியில் குழம்பைச் செருகியிருந்தார். இப்போது பலகையில், "கடலைக்கறிக்குழம்பு, தக்காளிக்கறிக்குழம்பு" என்று இருந்தது. போன வாரம்வரை கொஞ்சம் சந்தேகத்தோடு இருந்தவர்களுக்கும் அது தீர்ந்துவிட்டது. எங்கள் ஊரில் கறிக்குழம்பு என்ற சொல்லுக்கு ஒரே ஒரு பொருள்தான். குழந்தைகூட அதைக் கேட்டால் தட்டை எடுத்துக்கொண்டு வரும்.

அன்று சாயங்காலம் பெரியப்பா போன் செய்தார்.

"ஏத்தா, நீ சேத்துவிட்ட பொம்பள புரட்டாசிச் சனிக்கெழம என் கட்டடத்துல கறிக்குழம்பு வைக்கிறாளாமே?"

"கறி இல்ல பெரியப்பா, கடலை. அவுக பக்கம் குழம்பத்தான் கறிம்பாக."

"குழம்பு கறின்னா, கறிக்குழம்புக்கு என்ன அர்த்தம்? குழம்புக் குழம்பா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது காரியத்தைக் கெடுத்தது.

"சிரிக்காத. நீ பாத்தியா?"

"தின்னே பாத்துட்டேன்."

"உன் சாட்சி செல்லாது. நீ கறிக்கு அலையிறவ. கெடாவெட்டுல எலும்பக்கூட விட்டுவைக்காம உறிஞ்சுனவ. எனக்கென்ன தெரியாதா?" மூச்சு வாங்கிவிட்டுத் தொடர்ந்தார். "வர்ற சனிக்கெழம நானே வர்றேன். சட்டியத் தொறந்து பாப்பேன். கறின்னு தெரிஞ்சா அன்னைக்கே சாமானத் தூக்கிக்கிறணும். சொல்லி வையி."

இரட்டை எம்.ஏ. படித்து, நூறு பிள்ளைகளை வாய்மூட வைக்கிற எனக்குச் சொந்தக் குடும்பத்தில் இவ்வளவுதான் மரியாதை. எலும்பு உறிஞ்சியது நிஜம் என்பதால் மேற்கொண்டு வாதாட முடியவில்லை.

அக்காவிடம் போய்ச் சொன்னேன். வீட்டுக்காரர் பின் அறை வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அவர் கை நின்றது. பலகையைக் கழற்றி உள்ளே வைத்துவிடலாம் என்றேன்.

"வேண்டாம் டீச்சரே. இப்ப எடுத்தா, கறி ஆக்கித்தான் இருந்திருக்கா, அதான் பயந்து எடுத்துட்டாம்பாங்க. அது அங்கயே கெடக்கட்டும்." சொல்லிவிட்டு அடுப்பைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள். "மேல இருக்கும்போது, தமிழாளுங்கன்னு எங்களப் பாண்டிக்காரங்கன்னுதான் சொல்லுவாங்க. நம்ம ஊர்ப் பக்கம் போயிட்டா அந்தப் பேரு போயிரும்னு நெனச்சேன். இங்க வந்தா மலையாளத்துக்காரியாம். இந்த எடத்த விட்டா எங்க போறது? லயத்துல இன்னேரம் வேற ஆளு வந்து துணி காயப்போட்டிருப்பாங்க."

கேலி செய்ய எனக்கு எப்போதும் ஏதாவது ஒன்று கிடைக்கும். அப்போது எதுவும் கிடைக்கவில்லை. வாட்ஸ்அப்பில் வந்த அந்தப் படத்துக்கு நானும் சிரிப்புக் குறி போட்டிருந்தது நினைவுக்கு வந்து, போனை எடுத்து வெளியே எறியலாம் போலிருந்தது.

மூன்றாம் சனிக்கிழமை மத்தியானம் பெரியப்பா பஸ்ஸிலிருந்து இறங்கினார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, நெற்றி நிறைய நாமம். இந்த மாதத்தில் அவர் நாமத்தின் அளவு வாரத்துக்கு வாரம் வளரும். மூன்றாம் சனிக்கு அது மூக்கைத் தொட்டுவிடும். டீக்கடையில் இருந்தவர்கள் தம்ளரோடு எழுந்து வந்தார்கள். பேக்கரியில் ஜெராக்ஸ் நின்றது. என் துறைப் பக்தர் முதல் வரிசையில் இடம் பிடித்திருந்தார். செமஸ்டர் முடிவு வந்த அன்றுகூட எங்கள் வாசலில் அவ்வளவு கூட்டம் நான் பார்த்ததில்லை.

பெரியப்பா பலகையை ஒரு முறை வாய்விட்டுப் படித்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். முதல் சட்டியைத் திறந்தார், சோறு. இரண்டாவதைத் திறந்தார், தக்காளி. மூன்றாவதில் கரண்டியை விட்டு அடிவரைக்கும் துழாவினார். ஆட்டைத் தேடினார். கொண்டைக்கடலைதான் வந்தது. மறுபடியும் துழாவினார். மறுபடியும் கடலை. குனிந்து முகர்ந்து பார்த்தார். தேங்காயும் கறிவேப்பிலையும் மணத்தன.

"கறி எங்க?" என்றார்.

"இதுதான் கறி" என்றாள் அக்கா.

"இது குழம்பு."

"எங்களுக்கு இதுதான் கறி பெரியவரே."

"அப்ப ஆட்டுக்கு?"

"ஆட்டெறச்சி."

"ஓகோ." அவர் கரண்டியைச் சட்டியில் வைத்தார். "புரட்டாசிக்கு நீ என்ன செய்வ?"

"மாசம் முழுக்க முட்டகூடத் தொட மாட்டோம். மேல லயத்துல சனிக்கெழமக்குப் பெருமாள் படத்துக்குத் தளிகை போட்டு எல்லா வீட்டுக்கும் கொடுப்போம். இங்க யாருக்குக் கொடுக்கன்னு தெரியல."

பெரியப்பா சட்டியை மூடினார். வாசலில் நின்ற கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். கறி இல்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அவருக்கு ஊரையும் தெரியும். அவர் வெளியே போய் இல்லை என்று சொன்னால், வாடகைக்கு ஆசைப்பட்டுப் பெரியவர் மறைக்கிறார் என்று சொல்லுவார்கள். அடுத்த சனிக்கிழமையும் பெஞ்சு காலியாகத்தான் கிடக்கும். அதை யோசிக்கிறார் என்று அவர் துண்டை உதறிய விதத்திலேயே எனக்குத் தெரிந்தது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். புரட்டாசிச் சனிக்கிழமை பெரியப்பா வெளியில் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டார். வீட்டில் தளிகை போட்டு, கோவிந்தா சொல்லி, அதற்குப் பிறகுதான் சாப்பாடு. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான். ஒரு தடவை சொந்தத் தங்கச்சி வீட்டு விசேஷத்திலேயே இலையைத் தொடாமல் எழுந்து வந்து, அந்தக் கோபம் தீரப் பல தீபாவளிகள் ஆயின.

அவர் குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு கையைக் கழுவினார். பெஞ்சு ஒன்றை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய், கடைக்கு வெளியே, ரோட்டைப் பார்க்கப் போட்டார். உதவிக்கு வந்தவர்களை விலக்கினார். மெட்டுக்குப் போகிற ஜீப்புகளும் பஸ்களும் அந்த வழியாகத்தான் போகும். நாமம் எல்லோருக்கும் தெரியும்படி நிமிர்ந்து உட்கார்ந்து, "எலையக் கொண்டா" என்றார்.

டீக்கடைக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். என் துறைப் பக்தர் போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். அக்கா இலை விரித்துச் சோறு வைத்தாள். பிறகு சட்டியைக் கொண்டுவந்து அவர் முன்னால் நின்றாள். ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அவள் தன் சொல்லையே விழுங்கிக்கொண்டு, யாருக்கும் தப்பாகப் படாதபடி கேட்டாள்.

"குழம்பு ஊத்தட்டுமா பெரியவரே?"

பெரியப்பாவுக்கு மெதுவாகப் பேச வராது. ஒரு வயலுக்கும் அடுத்த வயலுக்கும் பேசிப் பழகிய தொண்டை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த பேக்கரிவரைக்கும் கேட்டது.

"குழம்பா? போர்டுல வேற மாதிரியில்ல போட்டுருக்கு. கறி ஊத்து ஆத்தா."

அக்கா கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். கண்ணைத் துடைக்கக் கை இல்லை. ஒரு கையில் சட்டி, ஒரு கையில் கரண்டி. பின் அறை வாசலில் வீட்டுக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். பெரியப்பா சோற்றில் குழி பறித்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"வெரசா ஊத்தாத்தா. சோறு ஆறுது."